ஒரு மூலை மட்டும்

பல் டாக்டர் ஈறில் ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போகும்வரை நிறக் கட்டங்களைத் திருப்பிச் சேர்க்கும் கியூப் போடுவார். வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிக்குத் தலைக்குமேல் கடகடவென்று சத்தம் கேட்கும். ஆறு பக்கமும் ஆறு நிறமாகச் சேர்ந்ததும் டாக்டர் அதைக் கலைத்துவிட்டு மறுபடி சேர்ப்பார். மரத்துவிட்டதா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. இவ்வளவு போட்டால் இவ்வளவு மரத்திருக்கும் என்பது அவர் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் அது பல் பிடுங்கும் இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் எல்லோரும் கியூப் போடுவார்கள். டாக்டரின் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்குவதற்குள் ஒன்று போடுவார். மகள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சிக்னலில் சிவப்பு விழுந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்க, இவள் பக்கத்து சீட்டில் ஒரு கியூபை முடித்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "இப்ப ஃபர்ஸ்ட் கியர் போடுங்க" என்பாள். வருடா வருடம் நடக்கும் போட்டியில் பெரியவர்களுக்கான கோப்பை டாக்டருக்குத்தான். அவர் மனைவி எப்போதும் ஒரு கண் சிமிட்டும் நேரம் பிந்தி இரண்டாவதாக வருவார்.

மருமகனுக்கு மட்டும் கியூப் வரவில்லை. முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்த அன்று டாக்டர் அவன் கையில் ஒரு கியூபைக் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு சேர்த்துத்தான் கொடுத்தார், பையன் பயந்துவிடக் கூடாதே என்று. அவன் ரொம்ப நேரம் வியர்த்து வியர்த்துத் திருப்பிவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது அந்தச் சிவப்பும் போயிருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கலக்கிட்டீங்க மாப்பிள்ளை" என்றார்.

அன்றிலிருந்து அவனுக்குக் கலக்கல் மாப்பிள்ளை என்று பெயர். பாராட்டுகிறார்களா, கிண்டலா என்று அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அவன் ஒரு செருப்புக் கம்பெனியின் குடோனில் வேலை பார்த்தான். ஜோடி சேர்த்துப் பெட்டியில் போடுகிற வேலை. ஒருமுறை ஒரு கடைக்கு முழுக்க இடதுகால் செருப்பும், இன்னொரு கடைக்கு முழுக்க வலதுகால் செருப்புமாக அனுப்பிவிட்டான். அந்த இரண்டு கடைக்காரர்களும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து நல்ல நண்பர்களாகிவிட்டார்கள். இவனுக்கு வேலை போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஊருக்கு வெளியே, டயர் குடோன்களுக்கு நடுவில் ரோபோ செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஆள் எடுத்தார்கள்.

"கியூபைக் கலைக்கற வேலையாம். நீங்க போய்ப் பாருங்களேன்."

"கலைக்கறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"நம்ம வீட்ல நீங்க சும்மா பண்றதைத்தான் அங்க போய்ப் பண்ணப் போறீங்க."

அந்தக் கம்பெனியை நடத்தியவர் ஒரு பெண். எல்லோரும் இன்ஜினியரம்மா என்பார்கள். நெற்றிக்குமேல் ஒரு கண்ணாடி, கண்ணில் ஒரு கண்ணாடி, இரண்டையும் எப்போதும் தேடிக்கொண்டிருப்பார். அவர் முதலில் செய்த ரோபோ பீரோ அளவுக்கு இருந்தது. அதற்குப் பெரியவர் என்று பெயர். அது ஓடாமல் நின்றுபோனதும் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி இரண்டாவதைச் செய்தார். அது சின்னவர். சக்கரம் வைத்த ஒரு பெட்டி, அதன்மேல் இரண்டு கை, கைகளுக்கு நடுவில் தவளைக் கண் மாதிரி இரண்டு கேமரா. உட்கார்ந்திருக்கும் ஆளின் உயரம். கலைத்த கியூபைக் கையில் வைத்தால் 'சர்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். சில சமயம் கியூப் அந்த வேகம் தாங்காமல் சோளப்பொரி மாதிரி வெடித்துச் சிதறும்.

"மெஷின் வெச்சுக் கலைச்சுக் குடுத்துப் பாத்தோம்" என்றார் இன்ஜினியரம்மா. "அது எப்படிக் கலைக்கும்னு சின்னவருக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணை மூடிக்கிட்டே போட்டுட்டார். அதான் மனுஷங்களைக் கூப்பிடறோம். இந்தாங்க, கலைங்க."

அவனுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கலைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவை வலது, ஒரு தடவை மேலே, மறுபடி வலது என்று எல்லோரும் தெரியாமலே ஏதோ ஒரு முறை வைத்துக் கலைத்திருந்தார்கள். இவன் கலைத்ததை வாங்கிய சின்னவர் 'சர்' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கேமராவைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு முடித்தது.

இன்ஜினியரம்மா எழுந்து நின்றுவிட்டார். "இதுவரைக்கும் அது யாரையும் நிமிந்து பாத்ததில்ல. நாளைக்கே வந்துடுங்க."

சின்னவருக்கு மூன்று வார்த்தைதான் தெரியும். முடித்ததும் "அடுத்தது" என்னும். ஒரு புதிரைக் காட்டினால் "ஆகும்" அல்லது "ஆகாது" என்னும். அதற்குமேல் பேசினால் வேகம் குறையும் என்று இன்ஜினியரம்மா கொடுக்கவில்லை.

வேலை சுலபம் என்று நினைத்துப் போனவனுக்கு முதல் நாளே மணிக்கட்டு வீங்கிவிட்டது. நீளமான மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் நாள் முழுக்கக் கலைப்பார்கள். கலைக்கக் கலைக்கச் சின்னவர் சேர்த்துக்கொண்டே இருக்கும். கலைப்பதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் அதற்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். மேஜையின் திருகாணிகளைக் கழற்றி மறுபடி மாட்டும். பேனாக்களை நிறவாரியாக அடுக்கும். பார்வையாளர் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவர் கைகுலுக்கக் கையை நீட்டுவதற்குள் சின்னவர் எல்லாப் பொத்தானையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு "அடுத்தது" என்றது. அதற்குப் பிறகு அவர் மேலே ஒரு கோட் மாட்டிக்கொண்டார், கிளம்பும்வரை கழற்றவே இல்லை.

இப்படி இருக்கையில் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. சின்னவரோடு மனிதர்கள் மோதலாம். ஊரில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. டாக்டர் மட்டும் கொடுத்தார்.

"அப்பா, அது கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிச்சுடும்" என்றாள் மகள்.

"அதுக்குக் கண்ணு சிமிட்டவே தெரியாதும்மா. நான் சிமிட்டாம இருந்தா சரியாப்போச்சு."

"விளையாடாதீங்கப்பா."

"முப்பது வருஷமா வாய்க்குள்ள கைவிட்டு வேலை செய்யற விரல் இது. கண்ணால பாக்காமலே எது ஆடுது, எது ஆடலன்னு சொல்லும். அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்?"

மருமகன் செருப்பு மாட்டும்போது மாமியார் வாசலுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, நீங்கதானே கலைக்கப் போறீங்க?"

"ஆமா அத்தை. ரெண்டு பேருக்கும் நான்தான். தட்டுல வெச்சு நீட்டுவேன். மாமா ஒண்ணு எடுத்துப்பார், மிச்சம் சின்னவருக்கு."

"லேசாக் கலைச்சுடுங்க. ரெண்டையுமே."

"எனக்கு லேசாக் கலைக்கத் தெரியாது அத்தை."

மாமியார் பெருமூச்சு விட்டார். அது உண்மை என்று அவருக்கும் தெரியும்.

போட்டியன்று டவுன் ஹால் நிறைந்துவிட்டது. டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் இனிமேல் பிடுங்கிக்கொள்ள வேண்டியவர்கள். மாப்பிள்ளை இரண்டு கியூபையும் நன்றாகக் கலைத்துத் தட்டில் வைத்துக்கொண்டு மேடைப் படியேறினான். படியில் மைக் வயர் கிடந்தது. கால் தடுக்கியது. தட்டு நிமிர்ந்தே இருந்தது, ஒரு கியூப் மட்டும் உருண்டு படிப்படியாகக் கீழே போய்த் தரையில் மூலை குத்தி நின்றது. அவன் ஓடிப்போய் எடுத்தான். உடையவில்லை. ஊதித் தட்டில் வைத்தான். கலைத்த பொருள் கீழே விழுந்தால் இன்னும் கொஞ்சம் கலையும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் அதைத்தான் எடுத்தார்.

விசில் அடித்தவர் அதை வாயிலிருந்து எடுப்பதற்குள் சின்னவர் முடித்துவிட்டது. "அடுத்தது" என்றது. சபை சிரித்துக் கைதட்டியது. டாக்டர் கண்டுகொள்ளவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். தோற்றாலும் கையில் எடுத்ததை முடித்து வைப்பதுதான் மரியாதை என்பது அவர் வழக்கம். மேல் பக்கம் சேர்ந்தது, நடு வரிசை சேர்ந்தது, கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் அப்படியே திரும்பி நின்றது. டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். எங்கோ தப்பு விட்டுவிட்டோம் என்று பிரித்து முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதே மூலை.

சின்னவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பியது.

"ஆகாது" என்றது.

டாக்டர் நிமிர்ந்து அந்தத் தவளைக் கண்களைப் பார்த்தார்.

"யாருக்கு ஆகாது?" என்றார்.

"ஆகாது" என்றது சின்னவர் மறுபடி. அதற்கு வேறு வார்த்தை தெரியாது.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை. கோப்பையைக் கொண்டுவந்து சின்னவர் தலையில் வைத்தார்கள், நன்றி சொன்னார்கள், கூட்டம் கலைந்தது. ஹாலில் அடுத்து நடன வகுப்பு இருந்தது. சின்னப் பெண்கள் சலங்கையைக் குலுக்கிக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். மேடையில் ஒரு டாக்டரும் ஒரு ரோபோவும் எதிரெதிரே இருப்பதைப் பார்த்துவிட்டு, ஆசிரியை அவர்களைச் சுற்றி ஆடச் சொன்னார்.

"சின்னவர், வாங்க போலாம்" என்று இன்ஜினியரம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது நகரவில்லை. ரிமோட்டை அழுத்தினார். அப்போதும் நகரவில்லை. "கண்ணு முன்னாடி முடியாத புதிர் ஒண்ணு இருக்குதே. அதை விட்டுட்டு எப்படி வரும்? டாக்டர், நீங்க அதைக் கீழ வெச்சுடுங்களேன்."

"முடிச்சுட்டு வெக்கறேன்."

கடைசியில் டாக்டர் எழுந்து, கியூபைத் திருப்பிக்கொண்டே வெளியே நடந்தார். சின்னவர் பின்னாலேயே உருண்டது. டாக்டர் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினார். சின்னவர் பின்சீட்டுக் கதவைத் திறந்து தானே ஏறிக்கொண்டு, சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டது. மகள் கண்ணாடியில் பார்த்தாள்.

"பெல்ட் போட நான் சொல்லாம போட்ட முதல் ஆள் இதான்" என்றாள்.

இன்ஜினியரம்மா சார்ஜ் போடும் வயரை ஜன்னல் வழியாக நீட்டி, "பத்திரமாப் பாத்துக்கங்க, முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.

முடியவில்லை. டாக்டர் சாப்பிடும்போதும் கியூப் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னவர் எதிர் நாற்காலியில் இருந்தது. மாமியார் அதற்கும் ஒரு தட்டு வைத்துவிட்டார், வெறும் மேஜை பார்க்க நன்றாக இல்லை என்று. டாக்டர் கிளினிக்குக்குப் போனால் அதுவும் போயிற்று. ஊசி போட்டுவிட்டு அவர் கியூபை எடுக்கும்போது அது கிட்டே வரும். அந்த மூலை திரும்பி நிற்கும். "ஆகாது" என்னும். "உன்கிட்ட கேட்டேனா?" என்பார் டாக்டர். நோயாளிகளுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

சும்மா இருக்கும் நேரத்தில் அது பல் கருவித் தட்டுகளை அளவுவாரியாக அடுக்கியது. காத்திருப்பவர்களை உயரவாரியாக உட்கார வைத்தது. ஒருநாள் பல் வரிசை கோணலாக இருந்த ஒரு வாலிபனின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் யோசித்து, "ஆகும்" என்றது. கல்லூரியில் வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகிய அந்தப் பையன் அழுதுவிட்டான். சின்னவர் இரண்டு கையையும் நீட்டியபோது டாக்டர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"இது ஒரு நிமிஷத்துல திருப்பற சமாச்சாரம் இல்லப்பா. கம்பி போட்டு ரெண்டு வருஷம் ஆகும்."

"ஆகும்" என்று ஒத்துக்கொண்டது சின்னவர்.

இதற்கிடையில் கம்பெனியில் கலைக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். சேர்க்க ஆள் இல்லை. கலைந்த கியூப்கள் பெட்டி பெட்டியாக நடைபாதைவரை வந்துவிட்டன. இன்ஜினியரம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சின்னவரைப் போல ரோபோ வாங்குவதற்கு வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பதாக இருந்தார்கள். வந்தால் காட்டுவதற்கு ரோபோ இல்லை, அது பல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

டாக்டர் குளிக்கப் போன ஒரு காலையில்தான் மகளுக்கு அந்தக் கியூபைத் தொட வாய்த்தது. சின்னவர் குளியலறை வாசலில் காத்திருந்தது. அவர் வெளியே மேஜையில் வைத்துவிட்டுப் போன கியூபை அவள் எடுத்து இரண்டு திருப்பு திருப்பினாள். புருஷனைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"இதைக் கீழ போட்டீங்களா?"

"போடல. அதுவா விழுந்துச்சு."

"மூலை விழுந்த வேகத்துல தானாத் திரும்பியிருக்கு. இது எத்தனை ஜென்மம் போட்டாலும் சேராதுங்க. சின்னவர் சொன்னது சரி."

"நான் கலைச்சதே அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"பெருவிரல் வெச்சு ஒரு தள்ளு தள்ளினா சரியாயிடும். ஆனா அப்பாகிட்ட கேக்காம நான் தள்ளக் கூடாது. நீங்கதான் போய்ச் சொல்லணும்."

அவன் கிளினிக்குக்குப் போனான். உட்கார நோயாளி நாற்காலியைத் தவிர வேறு இடமில்லை. உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்தது. டாக்டர் யார் என்று பார்க்காமலே விளக்கை இழுத்து, "வாயைத் திறங்க" என்றார். திறந்தான். இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். அப்புறம்தான் மாப்பிள்ளை என்று தெரிந்தது.

"அட, நீங்களா. சரி, வந்தது வந்தீங்க, பாத்துடுவோம்."

அவன் பஞ்சோடு பேசினான். மாமா, மேடைப் படியில் கியூப் கீழே விழுந்தது, மூலை திரும்பிவிட்டது, நான் தெரியாமல் தட்டில் வைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னான். வெளியே கேட்டதெல்லாம் 'ஆ, ஊ' என்றுதான். பக்கத்தில் நின்ற சின்னவர் கேமராவைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பஞ்சு அடைத்த வாய்களோடு பேசிய டாக்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

"தெரியும் மாப்பிள்ளை" என்றார். "ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு. ஒரு பல்லு திரும்பி முளைச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

'அப்புறம் ஏன்?' என்று பஞ்சு கேட்டது.

டாக்டர் சின்னவரைக் கடைக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இத்தனை வருஷத்துல நான் கியூப் போடறதை யாரும் முழுசா உக்காந்து பாத்ததில்ல. இங்க வர்றவங்க கண்ணை மூடிக்குவாங்க. வீட்ல அவங்கவங்க கையில ஒரு கியூப் இருக்கும். போட்டியில எல்லாரும் கடிகாரத்தைப் பாப்பாங்க. இவர் ஒருத்தர்தான் என் கையைப் பாக்கறார். முடிச்சேன்னா எழுந்து போயிடுவார்."

வாயில் பஞ்சு இருந்தது மாப்பிள்ளைக்கு ஒருவகையில் வசதியாகப் போயிற்று.

"கடைவாய்ல ஒரு ஓட்டை இருக்கு" என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமை வந்து அடைச்சுக்கங்க."

வெளியூர்க்காரர்கள் வந்த அன்று இன்ஜினியரம்மா காலையிலேயே டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் சின்னவரோடு கிளினிக்குக்குப் போயிருந்தார். மாமியார் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு கியூபைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினியரம்மா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு இருட்டுன்னா பயமா?"

"இல்லையே. ஏன்?"

"புழுக்கம் தாங்குவீங்களா?"

காலை முடிவதற்குள் மாமியார் பெரியவருக்குள் உட்கார்ந்திருந்தார். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டதால் ஒரு முக்காலி போட இடம் இருந்தது. முன்னால் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகச் சாம்பல் நிறக் கையுறை போட்ட கைகள் வெளியே வந்தன. மாப்பிள்ளை கலைத்துக் கலைத்துக் கொடுக்க, அந்தக் கைகள் சேர்த்துச் சேர்த்து வைத்தன. வெளியூர்க்காரர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் உள்ளேயிருந்து "அடுத்தது" என்று ஒரு குரல் வந்தது. குரல் ரொம்ப இயல்பாக இருக்கிறது என்று அவர்கள் பாராட்டினார்கள்.

மாப்பிள்ளை ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல, அவள் காரோடு கிளினிக்குக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். டாக்டர் அப்போதுதான் ஒருவருக்கு ஊசி போட்டிருந்தார்.

"உங்கம்மாவா? பெட்டிக்குள்ளயா?"

அவர் அப்படியே கிளம்பினார். கூடவே சின்னவர். ஊசி போட்டுக்கொண்டவர் தனியாக உட்கார்ந்திருந்து என்ன செய்வது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் காரில் ஏறினார். காரை ஓட்டியது அன்றைக்குத்தான் மூன்றாவது கியர் கற்றுக்கொண்ட ஒரு அம்மாள். வழியெல்லாம் மகள், "பதறாம ஓட்டுங்க, உள்ள இருக்கறவங்களைப் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கம்பெனிக் கூடத்துக்குள் நுழைந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையுறை போட்டிருந்தாலும் அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். அந்த வேகத்தைத்தான் அவருக்குத் தெரியாது. வீட்டில் அவர் பார்த்த கைகள் கடைசித் திருப்பில் கொஞ்சம் தயங்கும். இவை தயங்கவில்லை. ஒரு கியூப் தட்டில் விழும் முன்பே அடுத்தது பாதி சேர்ந்திருந்தது. சிரமமே இல்லாமல், கீரை ஆய்கிற மாதிரி அந்த விரல்கள் போய்க்கொண்டிருந்தன.

டாக்டர் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த கியூபை எங்கே வைக்கிறோம் என்று கவனிக்காமல் பக்கத்திலிருந்த தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார். வேறு கியூபைத் தொடவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அது மாப்பிள்ளையின் தட்டு. அவன் அதைத் தூக்கி அப்படியே நீட்டினான். சாம்பல் நிறக் கை டாக்டரின் கியூபை எடுத்தது. சேர்த்தது. கடைசி மூலையில் நின்றது. சின்னவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிட்டே வந்தது.

"ஆகாது" என்றது.

பெருவிரல் மூலையில் போய் ஊன்றியது. டக்கென்று ஒரு சத்தம். கியூப் ஆறு நிறமாகச் சேர்ந்து தட்டில் விழுந்தது.

சின்னவர் கியூபைப் பார்த்தது, பெருவிரலைப் பார்த்தது, பிறகு பெட்டி பெட்டியாகக் கலைந்து கிடந்த கியூப்களின் பக்கம் திரும்பி அங்கே போய்விட்டது. 'சர் சர்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வெளியூர்க்காரர்களில் மூத்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சின்னது வேகமா இருக்கு. ஆனா பெரிசுதான் யோசிக்குது. எங்களுக்கு அந்தப் பெருவிரல் இருக்கறதுதான் வேணும்."

இன்ஜினியரம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார். அவர் ஏதாவது சொல்வதற்குள் பெரியவரின் கதவு திறந்து, முகமெல்லாம் வியர்வையாக மாமியார் வெளியே வந்தார்.

"யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா."

மூத்தவர் பீரோவுக்குள் தலையை விட்டு முக்காலியைப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு ஆள் உக்காரணுமா?"

"ஆமாங்க" என்றார் இன்ஜினியரம்மா மெல்ல.

மூன்று பேரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "எங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போயிடும். ஆளுக்குப் பஞ்சமில்ல. இதுவே சௌகரியம். இந்த மாதிரி பத்து செஞ்சு குடுங்க. ஃபேன் மட்டும் ஒண்ணு வெச்சுடுங்க."

அன்று காரில் திரும்பும்போது நடுவில் ஊசி போட்டுக்கொண்டவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள். மரப்பு விட்டுப்போய் மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் டாக்டர் கியூப் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு வந்த பிறகுதான் மனைவியிடம் கேட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வேகத்துல போடறே?"

"நான் எங்க வேகமாப் போட்டேன்? நீங்க முடிச்சுட்டீங்களான்னு பாத்துட்டு முடிப்பேன்."

"எதுக்கு?"

"கோப்பையெல்லாம் உங்க மேஜையில ஒரே வரிசையா இருக்கு. நானும் ஜெயிச்சா ரெண்டு வரிசையாகும். பின்னாடி வரிசையைத் தொடைக்கக் கை எட்டாது."

டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பத்துப் பெரியவரும் தயாராகிப் போனபோது, உள்ளே உட்காருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாமியாரைக் கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. காலையில் பஸ்ஸில் போவார். மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட். இருவரும் வழியெல்லாம் கியூபை விட்டு வேறு ஏதாவது பேசுவார்கள். டாக்டர் மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வருவார். சின்னவர் தன் மூலையில் வேலையாக இருக்கும். அவரை அது ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. முதலில் அவருக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அந்த வருடப் போட்டியில் டாக்டரும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். விசில் அடித்தது. டாக்டர் வாழ்க்கையிலேயே நன்றாகப் போட்டது அன்றைக்குத்தான், விரல் ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. முடித்துக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மனைவியின் கியூப் ஆறு நிறமாகச் சேர்ந்து மேஜையில் தனியாக இருந்தது. நாற்காலி காலி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கதவருகே போயிருந்தார்.

"எங்க போறே?" என்றார் டாக்டர்.

"பஸ் வந்துடும். புதுசா சேந்தவங்க காத்திருப்பாங்க. கோப்பையை நீங்களே வாங்கி வந்துடுங்க."

டாக்டர் மனைவியின் கோப்பையை வாங்க வரிசையில் போய் நின்றார்.